ஏசி சர்வீஸுக்கு ஒரு ரூம திறந்து விட்டேன், வீட்டையே திறந்து விட்டதா எடுத்துக்கிட்டாங்க

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 1. அந்த 1ம், புக்கிங் கன்ஃபர்ம் பண்ண போன் பண்ண பொண்ணு அவ்ளோ மரியாதையா பேசினதுக்கு. கம்பெனி பேர் இங்க போடல, அவங்களோட மெயில் இன்னும் போயிட்டு வந்துட்டுதான் இருக்கு. அதோட இது ஒரு கம்பெனி பிரச்சனை மட்டும் இல்லன்னு எங்க அபார்ட்மெண்ட்ல இத சொன்ன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, மாடில துணி காயப்போட வந்த நாலு பேர்ல மூணு பேர் "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒருத்தர் வந்தாரும்மா"ன்னு ஆரம்பிச்சாங்க, ஒருத்தங்களுக்கு ஆர்ஓ சர்வீஸ், ஒருத்தங்களுக்கு பெயிண்டர், இன்னொருத்தங்களுக்கு கார்ப்பெண்டர். யாருமே எங்கயும் கம்ப்ளைன்ட் பண்ணல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

நாங்க இருக்கிறது குரோம்பேட்டைல, 2வது மாடி, நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா தவறி 2 வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு 71 வயசு, முட்டி வலி, வெயில் தாங்காது. அவங்க ரூம்ல 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, வாங்கி 4 வருஷம். கத்திரி வெயில் நடுவுல கூலிங் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுட்டே வந்துச்சு, ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இண்டோர் யூனிட்ல இருந்து தண்ணி சொட்டி அம்மா தலகாணி நனைஞ்சு எழுந்துட்டாங்க. அடுத்த நாள் காலைலயே வெப்சைட்ல புக் பண்ணேன், ஜெட் சர்வீஸ், அதாவது பம்ப்ல தண்ணி அடிச்சு ஏசிய கழுவறது, 599 ரூபா, மறுநாள் 10ல இருந்து 12க்குள்ள வருவாங்கன்னு மெசேஜ் வந்துச்சு.

வந்தது ரெண்டு மணிக்கு. அதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல, மே மாசம் அவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன வீடு, பைக்ல ஜெட் பம்ப கட்டிக்கிட்டு அந்த ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்ல வரணும், எனக்கு தெரியும். அம்மா கதவ திறந்த உடனே "தம்பி மொதல்ல தண்ணி குடிப்பா"ன்னு சொம்புல தண்ணி குடுத்தாங்க, எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான். ஒரு முப்பது வயசு இருக்கும் அவருக்கு, கம்பெனி டீ-ஷர்ட், கழுத்துல ஐடி கார்டு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஷூவோட உள்ள வந்தாரு. "ஷூவ வாசல்ல விட்டுடுங்களேன்"னு சொன்னேன். "அடிக்கடி வெளில போய் அவுட்டோர் பாக்கணும் மேடம், பரவால்ல"ன்னாரு. பரவால்லன்னு சொல்ல வேண்டியது நானு. என் வீட்டு தரைக்கு அவர் பரவால்லன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டாரு, நான் அந்த நிமிஷம் ஒண்ணும் சொல்லல, ஒரு ஷூவுக்கு போய் சண்ட போடணுமான்னு தோணுச்சு. இப்ப யோசிச்சா அங்கயே நிறுத்தியிருக்கணும். ஏன்னா அதுக்கப்புறம் நடந்தது எல்லாமே அந்த பரவால்லயோட தொடர்ச்சிதான்.

எந்த ரூம்னு கேக்கவே இல்ல. மொதல்ல என் ரூம் கதவ திறந்து எட்டி பாத்தாரு, "இங்க ஏசி இல்லையா மேடம்"னு கேட்டுட்டு அப்புறம் அம்மா ரூமுக்கு போனாரு. என் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு, சாத்தியிருந்த கதவு. உள்ள துணி காயுது, கட்டில் மேல நான் மடிக்காம போட்டது கிடக்குது. நான் ஹால்லதான நிக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டா கைய காட்டியிருப்பேன்.

ஏசி அம்மா கட்டிலுக்கு நேர் மேல இருக்கு. கட்டில கொஞ்சம் நகத்தலாம், நான் நகத்தறேன்னு சொல்றதுக்குள்ள அதே ஷூவோட மெத்த மேல ஏறி நின்னுட்டாரு. "இறங்குங்க, ஸ்டூல் தரேன்"னு நான் சத்தமா சொன்னப்புறம்தான் இறங்கினாரு. பக்கெட் வேணும்னு சொன்னாரு, பால்கனில இருந்து பழைய பக்கெட் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அம்மாவோட பாத்ரூமுக்குள்ள போய் அம்மா குளிக்கிற பக்கெட்டையும் மக்கையும் எடுத்துட்டு வந்துட்டாரு, அந்த பாத்ரூமையும் யூஸ் பண்ணிட்டு வந்தாருன்னு ஃப்ளஷ் சத்தம் கேட்டுதான் எனக்கு தெரியும்.

இந்த பாத்ரூம் விஷயத்த தப்பா எடுத்துக்காதீங்க. நாள் பூரா வெயில்ல சுத்துறவங்களுக்கு சென்னைல பாத்ரூம் போக எங்க இடம் இருக்கு? அண்ணா நகர்ல மாநகராட்சி 2025ல டெலிவரி பண்றவங்களுக்காக ஏசி போட்ட ஓய்வறை கட்டினாங்க, நல்ல விஷயம், ஆனா குரோம்பேட்டைல வேலை பாக்குறவர் அதுக்காக அண்ணா நகர் போக முடியுமா. எங்க வீட்ல ஹால் பக்கம் ஒரு காமன் பாத்ரூம் இருக்கு, கேஸ் போடுற அண்ணன்ல இருந்து கூரியர் தம்பி வரைக்கும் கேட்டா தாராளமா போகலாம், நானே லைட்ட போட்டு விடுவேன். சில வீடுகள்ல வேலைக்கு வர்றவங்களுக்குன்னு தனி டம்ளர் வைக்கிறாங்க, அத பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும், நான் சொல்றது அந்த மாதிரி ஒதுக்கறது இல்ல. கேட்டுட்டு செய்யுங்கன்னு மட்டும்தான் சொல்றேன். ஒரு வயசான அம்மாவோட பாத்ரூம், அங்க அவங்க உள்பாடி தொங்குது, அவங்க மாத்திர டப்பா இருக்கு, அவங்க எதிர்லயே கேக்காம உள்ள போறது எப்படி சரியாகும்.

இப்ப சொல்லப்போறத எழுத ரெண்டு நாள் தயங்கினேன். அம்மா ரூம்ல ஒரு திறந்த ஷெல்ஃப் இருக்கு, அதுல அப்பாவோட குத்தால துண்டு ஒண்ண மடிச்சு வச்சிருப்பாங்க. சிவப்பு ஓரம் வச்ச துண்டு. அப்பா கடைசியா ஆஸ்பத்திரிக்கு போனப்போ தோள்ல போட்டுட்டு போனது. அது அங்க இருக்குன்னு எங்க வீட்ல யாரும் வாய விட்டு பேசறதில்ல, ஆனா அது அங்கதான் இருக்கும். ஏசிய கழட்டி பம்ப்ல தண்ணி அடிச்சாரு, காயில்ல இருந்து கறுப்பா சேறு மாதிரி வழிஞ்சு சுவரெல்லாம் ஓடுது, உடனே கைக்கு கிடைச்சது அந்த துண்டு. எடுத்து சுவர தொடச்சாரு, பிளேட்ட தொடச்சாரு, கடைசியா கைய தொடச்சுட்டு கீழ போட்டாரு. அம்மா வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தாங்க. ஒண்ணுமே சொல்லல. நான் அம்மா மூஞ்சிய பாத்துட்டுதான் கீழ கிடந்தது என்னன்னே பாத்தேன்.

அவருக்கு அது அப்பா துண்டுன்னு தெரிய நியாயமே இல்ல. ஆனா அது யாரோடதா இருந்தாலும், ஒரு வீட்டு ஷெல்ஃப்ல மடிச்சு வச்ச துணிய கேக்காம எடுக்கலாமா? "ஒரு பழைய துணி குடுங்க"ன்னு கேட்டா எந்த வீட்லயும் ஒரு கிழிஞ்ச நைட்டியாவது கிடைக்கும். நாலு வார்த்தை. அம்மா அந்த துண்ட மூணு தடவ கையில துவைச்சாங்க, சர்ஃப்ல ஊற வச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சு. அந்த கறுப்பு கறை ஓரத்துல இன்னும் இருக்கு.

வேலை நடக்கறப்போ கேள்வி மேல கேள்வி. சார் ஆஃபீஸ் போயிருக்காரா. ரெண்டு பேர் மட்டும்தானா வீட்ல. சொந்த வீடா வாடகையா. கல்யாணம் ஆகலையா மேடம், ஏன் மேடம். நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கூட இதெல்லாம் கேப்பாங்க, வெள்ளந்தியா கேக்கறவங்களும் உண்டு, நான் ஒத்துக்கறேன். ஆனா வீட்டுக்குள்ள வந்து டூல்ஸோட நிக்கிற ஒரு ஆம்பள "வீட்ல யாரும் இல்லையா"ன்னு கேக்கும்போது ஒரு பொண்ணுக்கு வயித்துல என்ன ஆகும்னு கம்பெனி நடத்துறவங்க அவங்க வீட்டு பொம்பளைங்கள கேட்டு பாக்கட்டும். நான் "என் அண்ணன் இப்ப வந்துடுவான்"னு பொய் சொன்னேன். என் அண்ணன் இருக்கிறது ஓசூர்ல. என் வீட்ல நின்னு நான் ஏன் பொய் சொல்லணும், அதுதான் இன்னிக்கும் ஆறல.

நடுவுல எனக்கு ஆஃபீஸ் கால், பத்து நிமிஷம் பால்கனில பேசிட்டு வந்தேன். வந்தா "கேஸ் கம்மியா இருந்துச்சு மேடம், ஏத்திட்டேன்"ன்றாரு. யார கேட்டு? "அம்மாகிட்ட சொன்னேன்." அம்மாகிட்ட என்ன சொன்னாரு? "கேஸ் பாக்கறேம்மா"ன்னு சொல்லியிருக்காரு, அம்மா சரிப்பான்னு சொல்லியிருக்காங்க, அவங்க சிலிண்டர் கேஸ்னு நெனச்சுட்டு அடுப்பங்கரைய கைய காட்டியிருக்காங்க. பில்லு 599 பிளஸ் கேஸ் 2400, மொத்தம் 2999. பணம் குடுத்துட்டேன். அவர் சீக்கிரம் வீட்ட விட்டு போனா போதும்னு இருந்துச்சு, உண்மை அதுதான்.

கேஸ் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், இது அப்புறம் நான் தெரிஞ்சுகிட்டது, உங்களுக்கும் உதவும். ஏசில இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ந்து போற பொருள் இல்ல. சீல் பண்ண பைப்புக்குள்ள அதே கேஸ்தான் சுத்தி சுத்தி வரும். கம்மியாச்சுன்னா எங்கயோ லீக்குன்னு அர்த்தம், லீக்க கண்டுபிடிச்சு அடைக்காம மேல மேல ஏத்தினா காசுதான் போகும், கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கத. இப்ப வர்ற இன்வெர்ட்டர் மாடல் நிறைய ஆர்32 கேஸ், எவ்ளோ கிராம் போடணும்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், புதுசா போடும்போது வேக்யூம் பண்ணிட்டு, அதாவது பைப்புக்குள்ள இருக்கிற காத்த உறிஞ்சி எடுத்துட்டு, கேஸ எடை போட்டு ஏத்தணும். இவர் கையில எடை மெஷினும் இல்ல, லீக் டெஸ்ட்டும் பண்ணல. பத்து நிமிஷத்துல 2400 ரூபா வேலை முடிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி 10:40க்கு வாட்ஸ்அப்ல "ஹாய் மேடம் கூலிங் ஓகேவா". சரி சர்வீஸ் ஃபாலோ-அப்னு நெனச்சு "ஓகே"ன்னு போட்டேன். மறுநாள் காலைல ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங். மத்தியானம் "சாப்டீங்களா". ராத்திரி "டிபி சூப்பர் மேடம்". என் டிபில நானும் அம்மாவும் கபாலி கோயில் குளத்துகிட்ட எடுத்த போட்டோ. "இது சர்வீஸுக்காக குடுத்த நம்பர், இனிமே எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு தெளிவா ஒரு வரி போட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு. அப்பறம் "சும்மா ஃப்ரெண்ட்லியா தான மேடம்"னு ஒண்ணு.

நாலாவது நாள் நான் ஆஃபீஸ்ல இருக்கேன், பதினொண்ணரை மணிக்கு அம்மா போன் பண்றாங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு. "அந்த ஏசி தம்பி வந்திருக்கான்மா, செக் பண்ணணும்னு நீ சொன்னியாமே". நான் எங்க சொன்னேன்? போன ஸ்பீக்கர்ல போட சொன்னேன், "இந்த பக்கம் வந்தேன் மேடம், அப்படியே பாத்துட்டு போலாம்னு"ன்னு அவர் சொல்றது கேக்குது. உள்ள ஹால்ல உக்காந்திருக்காரு. "இப்பவே வெளில போங்க, இல்லன்னா கீழ வாட்ச்மேன் அண்ணன அனுப்புவேன், அடுத்த கால் போலீஸுக்கு"ன்னு சொன்னேன். போயிட்டாரு. அம்மாவுக்கு கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சுன்னு எதிர் வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, ஆன்ட்டிதான் வந்து காபி போட்டு குடுத்து நான் வர்ற வரைக்கும் கூடவே இருந்தாங்க. அம்மா இப்ப பெல் அடிச்சா உடனே கதவ திறக்கறதில்ல, கிரில் வழியா யாருன்னு ரெண்டு தடவ கேக்கறாங்க. இத்தன வருஷமா வர்றவங்களுக்கு எல்லாம் சொம்புல தண்ணி குடுத்தவங்க.

இப்ப கம்பெனி என்ன பண்ணாங்கன்னு சொல்றேன், ரிவ்யூவே அதுக்குத்தான். அந்த டெக்னீஷியன் ஒரு ஆள். ஆனா ஒரு ஆள நம்ம வீட்டுக்குள்ள, அதுவும் பெட்ரூமுக்குள்ள அனுப்புறது கம்பெனி. நான் அந்த டீ-ஷர்ட்ட பாத்துதான் கதவ திறந்தேன்.

கஸ்டமர் கேர்ல மொதல் கால், "சாரி மேடம், டெக்னீஷியன்கிட்ட பேசி வார்ன் பண்ணிடுறோம்." ரெண்டாவது கால்ல வேற ஒருத்தர், மறுபடியும் முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்ல வச்சாரு, துண்டு வரைக்கும். சொல்லி முடிச்சதும் அடுத்த சர்வீஸுக்கு 20 பர்சென்ட் ஆஃபர் தரோம்னாரு. என் அம்மா கை நடுங்கி உக்காந்ததுக்கு 20 பர்சென்ட். மூணாவது கால்ல "நீங்க மெசேஜுக்கு ஓகேன்னு ரிப்ளை பண்ணியிருக்கீங்களே மேடம்"னு கேட்டாங்க. கூலிங் ஓகேவான்னு கேட்டதுக்கு ஓகேன்னு சொன்னது என் தப்பா? அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு, போன வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் போன விட்டுட்டு மெயிலுக்கு போனேன், இது முக்கியம், எல்லாம் எழுத்துல இருக்கணும். ஆன்லைன்ல சர்வீஸ் விக்கிற கம்பெனிகளுக்கு 2020ல ஒரு ரூல்ஸ் வந்துச்சு, நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துக்கு கீழ. அதுப்படி குறைதீர்க்கும் அதிகாரின்னு ஒருத்தர் பேர், தொடர்பு விவரம் வெப்சைட்ல இருக்கணும், கம்ப்ளைன்ட் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்து சேர்ந்துச்சுன்னு பதில் குடுக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். வெப்சைட்ல அடில சின்ன எழுத்துல இருந்த அந்த ஐடிய தேடி எடுத்து தேதி, நேரம், ஸ்க்ரீன்ஷாட், பில்லு எல்லாத்தையும் வச்சு ஒரே மெயில். அதே அன்னிக்கு 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், அங்கயும் பதிவு பண்ணேன். கால் சென்டர்ல ஒரு வாரமா நகராத விஷயம் மறுநாளே நகர்ந்துச்சு, மேனேஜர்னு ஒருத்தர் அவரே கூப்பிட்டாரு. கேஸ் காசு 2400 பதினொண்ணாவது நாள் அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. அது நடக்கலன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு ஆன்லைன்லயே போகலாம்னு இருந்தேன், நாம குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா அதுக்கு ஃபீஸ் கூட கிடையாது.

மெசேஜ், நேர்ல வந்தது இதெல்லாம் காசு விஷயம் இல்ல, அது வேற. ஒரு பொண்ணு வேணாம்னு தெளிவா காட்டினப்புறமும் திரும்ப திரும்ப ஒரு ஆம்பள தொடர்பு கொண்டா அது குற்றம், 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதால 78வது பிரிவு, முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. அந்த "மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு போட்ட ஒரு வரி இருக்கே, அதுதான் இதுல ரொம்ப முக்கியமான சாட்சி. நிறைய பேர் பண்ற மாதிரி பதில் போடாம பிளாக் பண்ணிட்டு சாட்ட அழிச்சுடாதீங்க, மொதல்ல ஒரு வரி தெளிவா எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அப்புறம் பிளாக். நான் 181க்கு கூப்பிட்டு பேசினேன், பெண்களுக்கான ஹெல்ப்லைன், நடு ராத்திரின்னாலும் எடுப்பாங்க, பொறுமையா கேட்டாங்க. அந்த நிமிஷமே ஆபத்துன்னா 112தான். போலீஸ் கம்ப்ளைன்ட் எழுதி ரெடியா வச்சிருக்கேன், இன்னொரு தடவ அந்த நம்பர்ல இருந்தோ வேற நம்பர்ல இருந்தோ ஒரு புள்ளி வந்தாலும் போய் குடுத்துடுவேன், மேனேஜர்கிட்டயும் அத சொல்லிட்டேன்.

அவர வேலைய விட்டு தூக்குங்கன்னு நான் கேக்கல. ஏன் கேக்கலன்னு எங்க சொந்தத்துல சிலர் என்ன திட்டினாங்க. ஒருத்தர் சம்பாத்தியத்துல எத்தன பேர் சாப்பிடறாங்களோ. ஆனா வீடுகளுக்கு அனுப்பாதீங்கன்னு கேட்டேன், ஒர்க்‌ஷாப்ல வேலை குடுங்க, இதுல நான் ஒரு இன்ச் கூட இறங்கி வரல. வேணாம்னு சொன்னப்புறம் ஒரு வயசானவங்க மட்டும் இருக்கற நேரம் பாத்து பொய் சொல்லி உள்ள வந்தவர இன்னொரு வீட்டு பெட்ரூமுக்கு அனுப்பக்கூடாது.

என் அண்ணன் போன்ல "நான் வந்திருக்கும்போது கூப்பிட்டிருக்கலாம்ல, ஆம்பள இல்லாத வீட்டுக்கு ஏன் கூப்பிட்ட"ன்னான். அவன் அக்கறைலதான் சொன்னான், தெரியும். ஆனா அண்ணா, ஏசி கெட்டுப்போறது நீ ஊர்ல இருந்து வர்ற தேதிய பாத்தா கெட்டுப்போகும்? நாங்க ரெண்டு பேர் இருக்கற வீடும் வீடுதான். இந்த ஊர்ல வயசான அம்மா தனியா இருக்கற வீடு எத்தன, பையன் அமெரிக்கால, பொண்ணு பெங்களூர்ல. அவங்க எல்லாருக்கும் குழாய் ஒழுகும், ஃபேன் நிக்கும். யாரையாவது உள்ள விட்டுத்தான் ஆகணும்.

இப்ப நல்லவர பத்தியும் சொல்லணும். ஒரு வாரத்துல தண்ணி திரும்ப சொட்ட ஆரம்பிச்சுது, அதான, அந்த 2999 ரூபால தண்ணி சொட்டறது மட்டும் சரியாகல. எதிர் வீட்டு ஆன்ட்டி அவங்களுக்கு வழக்கமா வர்ற ஏசி மெக்கானிக் பாயோட நம்பர் குடுத்தாங்க, பல்லாவரத்துல சின்ன கடை, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். வர்றதுக்கு முன்னாடி போன், கேட்கிட்ட வந்து இன்னொரு போன். செருப்ப வாசல்ல விட்டாரு, கூட வந்த பையனையும் விட சொன்னாரு. ஹால்லயே நின்னு "எந்த ரூம்மா?"ன்னு கேட்டாரு. அந்த ரெண்டு வார்த்தைய கேட்டதும் எனக்கு தொண்ட அடைச்சுது, நம்புங்க. பையில இருந்து அவரோட பழைய பெட்ஷீட் ரெண்டு எடுத்தாரு, ஒண்ணு கட்டில் மேல, ஒண்ணு தரைல. "அம்மா, இந்த கட்டில ஒரு அடி நகத்திக்கலாமா? மேல இருக்கற மாத்திரையெல்லாம் நீங்களே எடுத்துடுங்க, நான் தொடல." பிளாஸ்டிக் கவர இண்டோர் யூனிட்ல தொட்டி மாதிரி கட்டி அதோட வாய் அவர் பக்கெட்ல விட்டாரு. சுவர்ல ஒரு சொட்டு படல.

பிரச்சனை என்னன்னா டிரெயின் பைப்புல பாசி மாதிரி வழவழன்னு அடச்சிருக்கு, அதோட பைப் வெளில போற இடத்துல சரிவு இல்லாம ஒரு எடத்துல மேல தூக்கிட்டு நிக்குது, தண்ணி அங்க தேங்கி திரும்ப உள்ளயே வருது. பைப்ப ஊதி, சரிவு சரி பண்ணி, என்ன கூப்பிட்டு ஒரு மக்கு தண்ணிய ஏசி டிரேல ஊத்தி அது பைப் வழியா வெளில வர்றத காட்டினாரு. அவுட்டோர்ல ஜாயிண்ட்ல சோப்பு நுரை போட்டு "பாருங்க, குமிழி வரல, இங்க லீக் இல்ல"ன்னாரு. முன்ன வந்தவர் கேஸ் ஏத்தினத சொன்னேன், "எடை போட்டாராம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு, இல்லன்னதும் வேற யாரையும் ஒரு வார்த்தை தப்பா பேசல. 700 ரூபா. கிளம்பும்போது "உங்க நம்பர் என் போன்ல ஏசி குரோம்பேட்டை ரெண்டாவது மாடின்னு இருக்கும்மா, பேர் போட மாட்டேன், பையன்கிட்டயும் இருக்காது"ன்னு அவரே சொன்னாரு. நான் கேக்கல.

அந்த பெரிய கம்பெனிக்கு டிரெயினிங் சென்டர், ஆப், கால் சென்டர் எல்லாம் இருக்கு. பாய்கிட்ட ரெண்டு பெட்ஷீட்தான் இருக்கு. அதனால "இதெல்லாம் கண்ட்ரோல் பண்ண முடியாது மேடம்"னு மேனேஜர் சொன்னத என்னால ஏத்துக்க முடியல. டெக்னீஷியனுக்கு கஸ்டமர் நம்பர் தெரியாத மாதிரி கம்பெனி நம்பர் வழியா கால் கனெக்ட் பண்ற வசதி இப்ப டாக்ஸி ஆப்ல எல்லாம் சாதாரணம், இவங்க ஏன் என் சொந்த நம்பர கையில எழுதி குடுக்கறாங்க? எக்ஸ்ட்ரா காசு ஆகற எந்த வேலைக்கும் கஸ்டமர் போனுக்கு ஓடிபி வந்தாதான் பில் ஏறும்னு வைக்க எவ்ளோ நேரம் ஆகும்? வேலை முடிஞ்சு வர்ற ஃபீட்பேக்ல கூலிங் எப்படின்னு கேக்கறீங்க, டெக்னீஷியன் வேலை இல்லாத ரூமுக்கு போனாரா, சொந்த விஷயம் கேட்டாரான்னு ஏன் ஒரு கேள்வி கூட இல்ல? இந்த மூணையும் மெயில்ல எழுதி கேட்டிருக்கேன்.

நான் இப்ப என்ன பண்றேன்னா, யார் வந்தாலும் வாசல்லயே நின்னு "வேலை இந்த ரூம்ல மட்டும்தான், என்ன வேணும்னாலும் என்ன கேளுங்க, எக்ஸ்ட்ரா செலவுன்னா தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க"ன்னு சிரிச்ச முகமா சொல்லிடுறேன். சொல்றதுக்கு மொதல்ல கூச்சமா இருந்துச்சு, என்ன நினைச்சுப்பாங்களோன்னு. நல்லா வேலை செய்யறவங்க யாரும் ஒண்ணும் நினைக்கல, "சரிங்கம்மா"ன்னு தலையாட்டிட்டு வேலைய பாத்தாங்க, போன வாரம் வந்த கேபிள் தம்பி "இப்படி சொல்லிட்டா எங்களுக்கும் நல்லதுக்கா"ன்னே சொன்னான். மெயின் கதவ திறந்தே வைக்கிறேன், மத்த ரூமெல்லாம் தாழ்ப்பாள். பக்கெட், மக்கு, ரெண்டு பழைய துணி, ஸ்டூல் முன்னாடியே எடுத்து வெளில வச்சுடுறேன். சர்வீஸ் புக்கிங்குக்குன்னு ஒரு பழைய பட்டன் போன்ல தனி சிம், அதுல வாட்ஸ்அப்பே கிடையாது. அம்மாகிட்ட, நான் போன்ல சொல்லாம யார் வந்து என் பேர சொன்னாலும் கிரில்ல திறக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன், எதிர் வீட்டு ஆன்ட்டிக்கும் யார் எப்ப வராங்கன்னு ஒரு மெசேஜ் போட்டுடுவேன்.

கம்பெனில இருந்து கடைசியா வந்த பதில்ல, அந்த டெக்னீஷியன் எங்க ஏரியால இருந்து மாத்தப்பட்டார்னு இருந்துச்சு. வேற ஏரியான்னா அங்க வீடே இல்லையா, அங்க அம்மாக்கள் இல்லையான்னு அன்னிக்கே திருப்பி கேட்டேன். என் நம்பர அவர் போன்ல இருந்தும் உங்க சிஸ்டத்துல இருந்தும் எடுத்துட்டதா எழுத்துல குடுங்கன்னும் கேட்டேன். ரெண்டுக்கும் இன்னும் பதில் வரல. வந்தா இங்கயே கீழ சேக்குறேன், அது வரைக்கும் ரேட்டிங் 1தான்.